ஒருமுறை தட்டிய கார்பன்

எண்பதுகளின் தொடக்கத்தில் அரியலூரில் ஒரு சுண்ணாம்புக்கல் கம்பெனியில் நான் ஸ்டெனோ. பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ். மேலாளர் அறையை ஒட்டி, பாதிக் கண்ணாடி போட்ட சின்னத் தடுப்புக்குள் என் டைப்ரைட்டர் இருந்தது. வெளியே போகக்கூடாத கடிதங்களை எல்லாம் நான்தான் தட்டுவேன் என்பதால் ஆபீசில் எனக்குக் கொஞ்சம் மரியாதையும் நிறைய சந்தேகமும் இருந்தன. நான் போனால் பேச்சு நிற்கும். அது எனக்குப் பிடித்தும் இருந்தது என்பதை மறைப்பானேன்.

ஒரு வருஷம் தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. அலுவலகத் தகவல்களைப் பாதுகாப்பது எப்படி, அதில் எது முறை, எது முறைகேடு என்று ஊழியர்களுக்குப் பாடம் நடத்த வேண்டுமாம். ஆறு சனிக்கிழமைகள், மதிய உணவுக்குப் பிறகு. கடைசியில் பரீட்சையும் உண்டு. மாணவர்கள் நான், டெலக்ஸ் பார்ப்பவர், தபால் பிரிவு குமாஸ்தா, இரண்டு கணக்கர்கள். ஆசிரியர் எங்கள் பணியாளர் அதிகாரி. வாயில் எப்போதும் ஒரு கிராம்பு அடக்கியிருப்பார்.

வேறு இடமில்லாததால் வகுப்பு கேன்டீனில் நடந்தது. அதிகாரிக்கு மெதுவாகப் பேச வராது. "ரகசியம்னா என்ன? தெரிய வேண்டியவனுக்கு மட்டும் தெரியணும்!" என்று அவர் முழங்கியது வாசலில் லாரி டிரைவர்கள் வரைக்கும் கேட்கும். மூன்றாவது வாரத்துக்குள் டீ மாஸ்டருக்கு எங்களைவிடப் பாடம் நன்றாகத் தெரிந்துவிட்டது. தபால் குமாஸ்தா பதில் சொல்லத் திணறினால் அடுப்புப் பக்கத்திலிருந்து பதில் வரும்.

ஆனாலும் அந்தப் பாடம் எனக்குப் பிடித்துப்போனது. ஒரு தாளைக் கையில் எடுத்தால் கேட்க வேண்டிய கேள்விகள் என்று சிலவற்றைச் சொல்லிக்கொடுத்தார். இது யாருடைய தகவல்? யாருக்குத் தெரிய வேண்டும்? எத்தனை நாளைக்குப் பூட்டி வைக்க வேண்டும்? வெளியே போனால் யாருக்குக் கேடு? நான் அதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தது பயத்தால்தான். மூடுவதற்கும் ஒரு யோசனை உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது. ஒருநாள் எழுந்து கேட்டேன்.

"சார், ஒரு ஆளைப் பத்தின தகவல் கம்பெனிக்குச் சொந்தமா, அந்த ஆளுக்குச் சொந்தமா?"

அவர் கிராம்பை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். "நல்ல கேள்விம்மா. அடுத்த வாரம் பாக்கலாம்" என்றார். அடுத்த வாரமும் பார்க்கவில்லை, அதற்கடுத்த வாரமும் பார்க்கவில்லை.

பரீட்சையில் அவரவர் பிரிவுக்கு விதிகள் எழுதச் சொன்னார்கள். நான் பதினொன்று எழுதினேன். நாலாவது விதி, பயன்படுத்திய கார்பன் தாளை அன்றே கிழித்து எரிக்க வேண்டும் என்பது. ரகசியக் கடிதம் ஒவ்வொன்றுக்கும் புதுக் கார்பன் வைப்பது எங்கள் வழக்கம். பலமுறை தட்டிய கார்பனில் எழுத்தின் மேல் எழுத்து விழுந்து ஒன்றும் புரியாது. ஒருமுறை மட்டும் தட்டியதை வெளிச்சத்தில் பிடித்தால் கடிதம் முழுவதையும் படித்துவிடலாம். அதிகாரி என் தாளைத்தான் சத்தமாக வாசித்துக் காட்டினார். டீ மாஸ்டர் கூடத் தலையாட்டினார். எனக்கு ஒரு வாரம் தலை கால் புரியவில்லை.

அந்தக் கார்பன்கள் அதுவரை எங்கே போய்க்கொண்டிருந்தன என்று யாரும் கேட்கவில்லை. பெரம்பலூரில் எங்கள் தெருவிலேயே இருந்த என் தோழிக்குப் போய்க்கொண்டிருந்தன. அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். தலையணை உறையிலும் மேஜை விரிப்பிலும் பூ, மயில் என்று படம் பதித்துப் பிள்ளைகளுக்கு எம்பிராய்டரி சொல்லித்தர அவளுக்குக் கார்பன் வேண்டும். ஒருமுறை மட்டும் தட்டியது கிட்டத்தட்டப் புதுசு. அதனால் சனிக்கிழமை தோறும் அந்த வாரத்துக் கார்பன்களைச் செய்தித்தாளில் சுருட்டி, சணல் கட்டி, பஸ் விட்டு இறங்கியதும் அவள் கையில் கொடுப்பேன். வருஷக்கணக்கான பழக்கம். அதில் தப்பு இருப்பதாக இரண்டு பேருக்கும் தோன்றியதே இல்லை.

அவள் கணவர் எங்கள் கம்பெனியின் சுரங்க ஆபீசில் வேலை பார்த்தார். அரியலூரில் ஒரு அறையில் தங்கி, சனிக்கிழமை வந்து திங்கள் காலை போவார். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணமாகி நாலு வருஷமாக இப்படியே. பரீட்சை முடிந்த அடுத்த வாரம் புதன்கிழமை, தோழி மூச்சிரைக்க என் வீட்டுக்கு வந்தாள்.

"அரியலூர்ல அவருக்குக் குவார்ட்டர்ஸ் குடுத்துட்டாங்கடி! ரெண்டு ரூம், பின்னால கொல்லை. திங்கக்கிழமை ஸ்கூல்ல ராஜினாமா குடுக்கப்போறேன். இனிமே ஒரே வூட்டுல இருக்கலாம்."

அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை மேலாளர் என்னைக் கூப்பிட்டு ஒரு பட்டியல் கொடுத்தார். ஆந்திராவில் திறக்கவிருந்த புதுச் சுரங்கத்துக்கு மாற்றப்படுகிற ஐந்து பேர். உத்தரவு இரண்டு வாரம் கழித்துத்தான் வரும், அதுவரை மூச்சு விடக்கூடாது என்றார். மூன்றாவது பெயர் அண்ணனுடையது. அதைத் தப்பாகத் தட்டி ஒரு தாளைக் கெடுத்து, புதுக் கார்பன் வைத்து மறுபடி தட்டினேன்.

அந்தப் புதுச் சுரங்கத்தில் குடியிருப்பு இல்லை, குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. தோழி ராஜினாமா கொடுத்துவிட்டால் அந்த இடத்துக்குப் பத்து பேர் காத்திருந்தார்கள், திரும்பக் கிடைக்காது. வேலையும் போய், புருஷனும் தூரத்தில் என்று நடுத்தெருவில் நிற்பாள். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தையைச் சொல்லத்தான் எனக்கு உரிமை இல்லை. சனிக்கிழமை காலை அதிகாரியிடம் போய், "உத்தரவைக் கொஞ்சம் முன்னாடி குடுக்க முடியாதா சார்?" என்று கேட்டேன். "பரீட்சையில முதல் மார்க் வாங்கினது நீதானேம்மா?" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவர் மேஜை மேலிருந்த மைக்கூட்டைக் கவிழ்த்திருப்பேன். திரும்பி வந்துவிட்டேன்.

சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். கல் மனசுதான். ஆனால் பஸ் முழுக்க அழுதுகொண்டே வந்தேன். இறங்கியதும் வழக்கம்போல அவள் நின்றுகொண்டிருந்தாள். வழக்கம்போலச் சுருளைக் கொடுத்துவிட்டு, தலைவலி என்று சொல்லி வீட்டுக்கு ஓடிவிட்டேன்.

ஞாயிறு காலை தோசைக்கல்லில் மாவை ஊற்றும்போதுதான் உறைத்தது. நாலாவது விதி எழுதிய அதே கையால், அந்தப் பட்டியலின் கார்பனையும் சேர்த்துச் சுருட்டி அவளிடமே கொடுத்திருக்கிறேன். வேண்டுமென்றுதான் கொடுத்தேனா என்று பிற்பாடு என்னை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். சத்தியமாக இல்லை. பழக்கதோஷம். அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன்.

அண்ணன் கூடத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். "வாம்மா, குவார்ட்டர்சுக்கு நீதான் முதல்ல வந்து பால் காய்ச்சணும்" என்றார். நான் தோழியைப் பார்த்து, "அந்தச் சுருளக் குடுடி, அதுல ஒரு தாள் ஆபீசுக்கு வேணுமாம்" என்றேன். அவள் உள்ளே போய் எடுத்து வந்தாள். செய்தித்தாளும் சணலும் நான் கட்டியபடியே இருந்தன.

"இந்தா. பிரிக்கவே இல்ல" என்றாள்.

அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என் வேலை தப்பியது என்று எனக்கு நிம்மதி. அவள் பார்க்கவில்லையே என்று அதே அளவுக்குத் துக்கம். வீட்டுக்கு வந்து அத்தனையையும் அடுப்பில் போட்டேன்.

திங்கட்கிழமை அவள் ராஜினாமா கொடுக்கவில்லை. அரியலூர்ப் புழுதி தனக்கு ஒத்துக்கொள்ளாது, தான் வரவில்லை என்று கணவரிடம் சொல்லிவிட்டாளாம். பஸ் ஸ்டாண்டில் அண்ணனைப் பார்த்தேன். "நாலு வருஷமா நான் அந்தப் புழுதியிலதானேம்மா கெடக்கேன்?" என்றார். அந்த நாலு வருஷத்தில் முதல்முறையாக, அன்று அவர் சாப்பிடாமல் கிளம்பியிருந்தார். அடுத்த சனிக்கிழமை ஊருக்கே வரவில்லை. எனக்கோ, கடவுளாகப் பார்த்து அவள் மனசை மாற்றினார் என்று சந்தோஷம். அவளைக் கோபித்துக்கொள்கிற மாதிரி நடிக்கக்கூடச் செய்தேன்.

உத்தரவு வந்த அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். பாவாடைத் துணியில் ஒரு மயிலின் தோகையைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"மூணாவது பேரு" என்றாள், தலை நிமிராமல்.

நான் போய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

"உன் லெட்டரப் படிக்கணும்னு இல்லடி. எந்தப் பக்கம் மை மிச்சம் இருக்குன்னு எப்பவும் ஜன்னல்ல புடிச்சுப் பாப்பேன். பாத்துட்டேன். திரும்பச் சுருட்டி, நீ கட்டுற மாதிரியே கட்டி வச்சேன்."

"அண்ணன்கிட்ட சொல்லிருக்கலாம்ல? நீங்க ரெண்டு பேரும் ஏன்டி இப்படி..."

"அவருக்கு வாயில நிக்காது. நேரா ஆபீசுக்குப் போயிச் சண்ட போடுவாரு. யாரு சொன்னான்னு கேப்பாங்க. நீ வேலைய வுட்டுட்டு நிப்ப." ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டாள். "இனிமேலும் சொல்லமாட்டேன். நீயும் சொல்லாத."

அவள் மடியில் தலை வைத்து அழுதேன். ஊசி குத்திவிடும், எழுந்திரு என்று திட்டினாள்.

மூன்று வருஷம் கழித்து அண்ணன் மாற்றலாகித் திரும்பி வந்தார். குடும்பம் நன்றாகத்தான் நடந்தது. பிள்ளைகள் பிறந்து, படித்து, வேலைக்கும் போய்விட்டார்கள். ஆனால் ஆட்கள் கூடியிருக்கும்போது அவர் இப்போதும் சிரித்துக்கொண்டே ஒன்று சொல்வார்: "இவளுக்கு என்னைவிட ஸ்கூல்தான் பெருசு. குவார்ட்டர்ஸ் குடுத்தும் வரமாட்டேன்னுட்டா." உத்தரவு வந்து அவள் வேலை தப்பியது அதிர்ஷ்டம் என்று ஒப்புக்கொள்வார். அது தெரிவதற்கு முன்பே அவள் வரமாட்டேன் என்றது அவருக்கு வேறு கணக்கு. சிரிப்புக்கு அடியில் அந்தக் காயம் அப்படியே இருப்பது எனக்குத் தெரியும். அது என் கையால் வந்தது.

போன பொங்கலுக்கும் சொன்னார். கம்பெனியே இப்போது இல்லை, நான் ஓய்வு பெற்று எத்தனையோ வருஷமாகிவிட்டது, இனி யாருக்கு என்ன கேடு என்று வாயெடுத்தேன். "அண்ணே, அது வந்து..."

தோழி என் முன்னால் டம்ளரை வைத்தாள். "காபி ஆறுதுடி, குடி" என்றாள். அவர் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் குடித்தேன்.