அண்ணன் கொண்டு வந்த இலை

பயிர் மருத்துவ நிலையத்தில் அவளுக்கு 'இலை டாக்டர்' என்று பட்டப்பெயர். யார் வந்தாலும் முதலில் ஆளைப் பார்க்கமாட்டாள். கையிலிருக்கும் இலையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பாள். வீட்டில் கீரைக்கட்டுக்கும் அதே மரியாதைதான். "சமைக்கத்தான் வாங்கினேன், வைத்தியத்துக்கு இல்ல" என்பார் கணவர்.

அன்று இலையோடு வந்தது சொந்த அண்ணன். முதன்முறையாக, விதைக்கு விற்பதற்கென்றே நெல் போட்டிருந்தார். மறுநாள் விதைச்சான்று அலுவலர் வயல் பார்க்க வருகிறார். பாக்டீரியா இலைக்கருகல் என்று தெரிந்தால் அந்த நெல் விதைக்கு ஆகாது. ஒரு பருவத்து உழைப்பு மொத்தமும் போய்விடும்.

"நீ போன்ல சொன்னபடியே இலைய வெட்டித் தண்ணியில விட்டேம்மா. பால் மாதிரி கலங்கிடுச்சு. உன் அண்ணி நேத்துலேருந்து சாப்பிடல."

"நீங்க?"

"சாப்பிட்டேன். அவ பங்கையும் சேர்த்து."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இலையின் ஓரம் மஞ்சளாகி நுனி காய்ந்திருந்தது. பார்வைக்கு அதே நோய்தான்.

பச்சையும் மஞ்சளும் சேரும் இடத்தில் வெட்டினாள். வெட்டுவாய் மட்டும் தண்ணீரில் படும்படி கண்ணாடிக் குவளையின் விளிம்பில் கிளிப் போட்டு, பின்னால் கறுப்புத் தாளை நிறுத்தினாள். நோய் இருந்தால் வெட்டுவாயிலிருந்து வெள்ளைப் புகைபோல ஓர் இழை இறங்கும். அண்ணன் சுவர் பக்கம் திரும்பி எலி ஒழிப்புச் சுவரொட்டியைப் படித்தார்.

"இறங்குதா?"

"இருங்கண்ணே."

"எதுவானாலும் சொல்லு. தாங்கிக்குவேன்."

"உங்க காலு அப்படிச் சொல்லலையே. உட்காருங்க."

இழை இறங்கவில்லை. வேறு இரண்டு இலைகளை வெட்டிப் போட்டாள். தண்ணீர் தெளிவாகவே நின்றது. நுண்ணோக்கியிலும் வெட்டுவாயிலிருந்து எதுவும் கசியவில்லை. அப்படியானால் வீட்டில் கலங்கியது எது?

"வீட்ல எதுல விட்டீங்க?"

"கண்ணாடி டம்ளர்ல. நீதானே கண்ணாடின்னு சொன்ன."

"எந்த டம்ளர்?"

"சின்னவ பால் குடிக்கிறது."

"கழுவினீங்களா?"

"அவதான் குடிச்சு முடிச்சிருந்தாளே."

அவள் நாற்காலியில் சாய்ந்தாள். சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. எத்தனையோ பேருடைய இலையைச் சாதாரணமாக வெட்டியவள், இவ்வளவு நேரமும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

"எல்லாம் கீழ் இலைதானே? மேல பச்சையா இருக்கா?"

"பச்சைப் பசேல்னு இருக்கு."

"பொட்டாஷ் சத்து பத்தல போலண்ணே. மண்ணு கொண்டாங்க, பாத்துடலாம். இந்த நோய் இல்ல."

அண்ணன் தங்கையின் தலையில் கையை வைத்துவிட்டு எடுத்தார்.

அவள் அண்ணிக்குப் போன் போட்டாள். "நோய் இல்ல அண்ணி. முதல்ல சாப்பிடுங்க. அது பால் டம்ளர்."

மறுமுனையில் நீண்ட பெருமூச்சு. பிறகு, "உங்கண்ணன்கிட்ட போனைக் குடும்மா."

அண்ணன் எழுந்து செருப்பைத் தேடினார்.

"கிளம்பிட்டேன்னு சொல்லு."