ஒரு பெயர் குறைகிறது

கோடை விடுமுறை முடிய ஆறு நாள் இருந்தபோது தலைமையாசிரியை என் வீட்டுக்கு வந்தார். ஆம்பூரை ஒட்டிய எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் நான் இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்தவன். ஒரு காலத்தில் நூற்று நாற்பத்திரண்டு பிள்ளைகள். இப்போது எட்டு. பத்துக்கு ஒன்று குறைந்தாலும் மூடிவிடுவார்களாம்.

"உங்களை எல்லாருக்கும் தெரியும் சார். கூட வந்தா போதும்."

என் முழங்காலுக்கு ஆகாத வேலை, வெயில் வேறு. போனேன். நாற்பத்தேழு கதவு தட்டினோம். பதினெட்டு வீட்டில் பூட்டு. ஷூ கம்பெனிக்குப் போயிருந்தார்கள். மற்றவற்றில் ஒற்றைப் பிள்ளை, அதுவும் இங்கிலீஷ் மீடியம் வேனில் போகிற பிள்ளை. ஒரு சிறுமி மட்டும் கிடைத்தாள். ஒன்பது.

நாற்பது வருடத்துக்கு முன்பும் இதே தெருவில் கதவு தட்டியிருக்கிறேன். குடும்பக் கட்டுப்பாட்டு முகாமுக்கு ஆசிரியர் தலைக்கு, இரண்டுக்கு மேல் பிள்ளை பெற்ற ஐந்து பேரைக் கொண்டுவர வேண்டும், தவறினால் மெமோ. எனக்கு நான்கு பேர் சேர்ந்திருந்தார்கள். தோல் ஷெட் தொழிலாளி ஒருவரின் வாசலில் மூன்று குழந்தைகள் விளையாடின. எண்ணினேன், மூன்று என்று படிவத்தில் எழுதினேன்.

அவர் மனைவி ஓடிவந்தாள். "எனக்கு ஒன்னு தான் சார். ரெண்டு தங்கச்சி புள்ளைங்க. அவ பிரசவத்துக்கு வந்துகிறா."

"அடிச்சுத் திருத்தினா பாரம் செல்லாதும்மா" என்றேன். நாளைக்கு முகாம், எனக்கு ஐந்தாவது ஆள் வேண்டும்.

"சாரே எழுதிட்டாரு. அப்புறம் இன்னா?" என்றார் புருஷன். மறுநாள் அவள் முகாமுக்குப் போனாள், ஆபரேஷன் முடிந்தது.

அவளுடைய ஒரே மகன் என்னிடம்தான் படித்தான். மூன்றாம் வகுப்பில் காய்ச்சல், ஒன்பது நாள். பதிவேட்டில் அவன் பெயரைச் சிவப்பு மையால் அடித்தது நான். நூற்று நாற்பத்தொன்று. அன்றிலிருந்து அவள் வீட்டு வழியாகப் போவதில்லை. சுற்றுவழியில் அறுபத்து மூன்று அடி கூடுதல்.

அவள் வீடுதான் நாற்பத்தெட்டாவது. வாசலில் இரண்டு பையன்கள் டயர் உருட்டிக்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியைக்கு முகம் மலர்ந்தது.

"உங்க பேரனுங்களாம்மா?"

"எனக்கு ஏது பேரன்? சாரைக் கேளு." அவள் என்னையே பார்த்தாள். "இன்னா சார், இப்ப புள்ளைங்க ஜாஸ்தி வேணுமாமே? இதுங்க தங்கச்சி பேரனுங்க, ஜோலார்பேட்டையிலிருந்து லீவுக்கு வந்துகிதுங்க. அதுக்கின்னா, எழுதிக்கோ. உனக்குப் பழக்கம் தானே."

தலைமையாசிரியை என் காதருகில் வந்தார். "ஒரு பேரு போட்டுக்கலாம் சார். எண்ணிக்கை அனுப்பினப்புறம் எடுத்துடலாம்."

பேனா என் கையில்தான் இருந்தது.

"இந்த வீட்ல புள்ள இல்லம்மா" என்றேன். "இல்லைன்னே எழுதணும்."

அதைச் சொல்ல நான் யார் என்று அவள் கேட்டிருக்கலாம். இரண்டு பையன்களையும் கைபிடித்து உள்ளே அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினாள்.

அடுத்த மாதம் பள்ளிக்குப் பூட்டுப் போட்டார்கள். பிள்ளைகள் பக்கத்து ஊருக்குப் போகிறார்கள். முதல் நாள் நின்று எண்ணிப் பார்த்தேன். ஒன்பது பேரும் ஒரே ஷேர் ஆட்டோவில் அடங்கிவிட்டார்கள்.