பஞ்சு ஒட்டாத கறுப்பு

என் அப்பா என்னோடு பேச்சை நிறுத்தியிருந்த காலத்தில்தான் நான் கார் பெயிண்டர் ஆனேன். எண்பதுகளின் கடைசி. என்னை ராஜபாளையத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அப்பாவும் அம்மாவும் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தார்கள். அப்பா சொந்தமாகக் கறுப்பு அம்பாசிடர் வைத்து வாடகைக்கு ஓட்டியவர். ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை, திருவண்ணாமலைக்குச் சவாரி போனார். தீபம் ஏற்றுகிற திருவண்ணாமலை இல்லை. இது எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிற மலைப் பெருமாள். அங்கே வண்டியை நேராக ஒரு பூக்கடைப் பந்தலுக்குள் விட்டார். நல்லவேளை, மாலைகளைத் தவிர வேறு யாருக்கும் சேதமில்லை. "நடுரோட்டுல எவம்லே பந்தல் போட்டான்?" என்று பூக்காரரை ஏசிவிட்டு வீட்டுக்கு வந்தார். பந்தல் ரோட்டை விட்டு நன்றாகத் தள்ளித்தான் இருந்தது.

கண் டாக்டர் பார்த்துவிட்டு, இனி ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்றார். டாக்டருக்குத்தான் கண்ணில் கோளாறு என்றார் அப்பா. வண்டியை விற்றே ஆக வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். வண்டி தளவாய்புரத்துக்காரர் ஒருவருக்குப் போனது. நான் செய்தது சரிதான், இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அன்றிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை கிடையாது. நான் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே அம்மாவிடம், "வந்தவளுக்குக் காப்பி குடு" என்பார். அம்மா அடுப்படியில் இருந்தால் சுவரில் இருக்கும் பல்லியிடம் சொல்வார். "கண்ணு நல்லாத்தான் இருக்கு. வண்டிய வித்தவளுக்கு என்ன தெரியும்?" பல்லிக்கு எங்கள் குடும்ப விவகாரம் முழுக்க அத்துப்படி. ஏச்சு வாங்கியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்; ஏசுவதில் அவர் கெட்டிக்காரர், கேட்கவே நன்றாக இருக்கும். இந்த மௌனம்தான் என்னைக் கொன்றது. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுவேன். பாதி அழுகை, பாதி ஆத்திரம்.

என் வீட்டுக்காரர் பஞ்சு மில்லில் ஃபிட்டர். என் அழுகையைப் பார்க்கச் சகிக்காமல், "உங்கப்பாவுக்கு வண்டிதான வேணும்? செஞ்சு குடுத்திருவோம்" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். பழைய போட்டோவை வைத்து அளவெடுத்து, அதே கணக்கில் சுருக்கி, தேக்குத் துண்டில் ஒரு முழம்கூட இல்லாத அம்பாசிடரைச் செதுக்கிவிட்டார். சக்கரங்களை லேத்தில் கடைந்தார். பம்பருக்குத் தகரம். கண்ணாடி ஓரத்து ரப்பர்கூட இருந்தது. "பெயிண்டு ஒம் பொறுப்பு. நீதான் நல்லாக் கோலம் போடுதியே" என்று என் கையில் கொடுத்தார். கோலத்துக்கும் பெயிண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அந்த மனுஷனிடம் யார் கேட்பது?

எனக்கு வேண்டியது பளபளப்பு. சும்மா பளபளப்பு இல்லை. கல்யாணச் சவாரிக்கு வரும் பெண்கள் அப்பாவின் வண்டிக் கதவில் பார்த்துத்தான் பொட்டைச் சரிசெய்வார்கள். மங்கின வண்டியை அவர் கையால் தொட மாட்டார். இந்த வண்டியை அவர் தொடவில்லை என்றால் எனக்கு வேறு வழி தெரியவில்லை. பல்லியோடுதான் காலம் தள்ள வேண்டும்.

மரத்தின் ரேகை மறையப் பட்டி பார்த்தேன். தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்தேன். பிரைமர் அடித்து மறுபடி தேய்த்தேன். பிறகு கறுப்பு எனாமலைத் துணியில் வடிகட்டி, மெல்லிய பிரஷ்ஷால் ஒரு கோட்டு. எண்ணெய் தடவிய மாதிரி மினுமினுத்தது. எனக்கே பெருமை தாங்கவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் வண்டிக்கு நரைத்திருந்தது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக் கொட்டகை. ராஜபாளையத்துக் காற்றில் பாதி பஞ்சுதான். சோற்றில் விழும், தலையில் விழும், யாரும் கண்டுகொள்ள மாட்டோம். கறுப்பு எனாமல் கண்டுகொண்டது. காயும் வரை ராத்திரி முழுக்க, பறந்து வந்த ஒவ்வொரு இழையையும் கைநீட்டி வாங்கி வைத்திருந்தது. "உங்கப்பாவ மாதிரியே இருக்கு" என்றார் வீட்டுக்காரர். அன்றைக்கு அவருக்குப் பழைய சோறுதான்.

தேய்த்து எடுத்து மறுபடி அடித்தேன். ஜன்னலை அடைத்தேன், கதவிடுக்கில் சாக்கைத் திணித்தேன். அப்போதும் பஞ்சு. எங்கிருந்து வருகிறது என்று தேடினால், சாட்சாத் என் வீட்டுக்காரர் தலையிலிருந்து. ஷிஃப்ட் முடிந்து வரும்போது புருவத்தில்கூட வெள்ளையாக ஒட்டியிருக்கும். "பெயிண்டு காயுற வரைக்கும் வீட்டுக்குள்ள வராதீங்க" என்றேன். "நல்லாயிருக்குடி நியாயம்" என்று தெருவில் நின்று முனகினார். அவரைத் துரத்தியும் இழை விழுந்தது. கடைசியில்தான் மண்டையில் உறைத்தது: நான் கட்டியிருந்ததே நூல் சேலை.

கல்யாணத்துக்கு யாரோ கொடுத்து, வேர்க்கும் என்று பெட்டியில் போட்டிருந்த இழை உதிராத நைலக்ஸ் சேலையை எடுத்துக் கட்டினேன். குளியலறையில் தரை, சுவர் எல்லாம் தண்ணீர் அடித்து, தூசி அடங்க விட்டு, தலையில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்த் தாழ் போட்டேன். அடித்து முடித்ததும் வண்டிமேல் அண்டாவைக் கவிழ்த்தேன். வீட்டுக்காரர் குளிக்கத் தறிக்காரர் வீட்டுக் கிணற்றுக்குப் போனார். அண்டாவைத் தூக்கிப் பார்த்தபோது கறுப்பு கறுப்பாகவே இருந்தது. குனிந்தால் என் மூக்குத்தி தெரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பிள்ளை பெற்றபோதுகூட எனக்கு அத்தனை திமிர் வரவில்லை.

அந்தத் திமிரில் நன்றாகக் காய விடாமல், இட்லிக் கொப்பரைக்குள் வைத்து மூடி, வழியில் கீறல் விழுந்தால் சரிசெய்ய மீதிச் சாமானைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். கண்டக்டர் கொப்பரையைப் பார்த்து, "என்னக்கா, வில்லிபுத்தூருக்கே பால்கோவா கொண்டு போறியளா?" என்றார். கொப்பரையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

வண்டியை அப்பா முன்னால் வைத்தேன். கையில் தூக்கினார். முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தார். கட்டைவிரலால் பானட்டைத் தடவினார்.

"அவகிட்டச் சொல்லு," என்றார் அம்மாவிடம். "மேல்கோட்டு காயுறதுக்கு முன்னாடியே அள்ளிட்டு வந்திருக்கா. வெரலு பதியுது."

"அவிய சொல்லுதாவ, வெரலு பதியுதாம்" என்றாள் அம்மா, நான் என்னவோ தளவாய்புரத்தில் இருக்கிற மாதிரி.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "நல்லா இல்லன்னா தேச்சுட்டு மறுபடி அடிக்கச் சொல்லுங்கம்மா, எனக்கென்ன" என்று பையிலிருந்த உப்புத்தாளை எடுத்துத் தரையில் போட்டேன். அவர் அதைத் தடவி எடுத்தார். தண்ணீர் கேட்டு வாங்கி, சாப்பாட்டுக்குக்கூட எழாமல், பானட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நான் காட்டுவதற்கு வைத்திருந்த கோபமெல்லாம் அந்தக் கரகரச் சத்தத்தில் மெல்ல இறங்கியது. மீதி எனாமலையும் பிரஷ்ஷையும் அவர் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன். நிதானமாக ஒரு கோட்டு இழுத்தார். வாசல் வெளிச்சத்தில் நீட்டினார். கண்ணைச் சுருக்கினார், துடைத்தார், மறுபடி நீட்டினார். அம்மா பக்கத்தில்தான் இருந்தாள். பல்லியும் சுவரில்தான் இருந்தது.

"ஏட்டி," என்றார். "பளபளப்பு வந்திருக்கா? எனக்குத் தெரியல. நீ பாத்துச் சொல்லு."

இதைக் கேட்கத்தான் அத்தனை மாதமாகக் காத்திருந்தேன். கேட்டபோது ஜெயித்த மாதிரியே இல்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்த்தேன். அவர் பார்வைக்கு எட்டாத ஓரத்தில் பிரஷ் படாமல் திட்டுத்திட்டாக விட்டிருந்தது.

"இன்னும் வரலப்பா" என்றேன்.

"அப்பம் நீ அடி" என்று பிரஷ்ஷை என் கையில் கொடுத்தார்.