வெறும் வாயு

டெய்லரம்மாவுக்கு மாரடைப்பு வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. பார்க்க வருகிற ஒவ்வொருவரிடமும் அவள் புருஷன், லிஃப்ட் மெக்கானிக், ஒரே கதையைத்தான் அளந்துகொண்டிருந்தார்.

"முகம் மாறினதப் பாத்தேன். ஒரு நிமிஷம் யோசிக்கல, தூக்கிட்டு ஓடினேன்."

வந்தவர்கள் உச்சுக்கொட்டிவிட்டு, இப்படி ஒரு புருஷன் அமையக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அவளிடமே சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

நடந்தது வேறு. பள்ளிக்கூடக் கால்சட்டை ஒன்றுக்கு ஜிப் வைத்துக்கொண்டிருந்தபோது தாடையில் தொடங்கிய வலி தோள்வரை இறங்கியது. சொன்னாள். வாயுதான், வெந்நீர் குடித்துவிட்டுப் படு என்றார், டிவி மேட்சிலிருந்து கண்ணை எடுக்காமல். இரண்டாம் முறை சொன்னபோது, எதற்கெடுத்தாலும் ஊரைக் கூட்டுகிறாய் என்று எரிந்து விழுந்தார். அதற்குப்பின் அவள் சொல்லவில்லை. மூன்று மணி நேரம் கழித்து, தைத்த துணியை வாங்க வந்த மாடி வீட்டுக்காரிதான் அவள் வேர்த்து நனைந்து கிடப்பதைக் கண்டு டாக்ஸி பிடித்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் மெக்கானிக் ஆளே மாறிப்போனார். உப்பு டப்பாவை ஒளித்து வைத்தார். மாத்திரையைக் கொடுத்து, விழுங்கும்வரை வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். உட்கார்ந்து தைக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தும், தையல் மெஷினின் பெல்ட்டைக் கழற்றி எடுத்துப் போய்விட்டார். கேட்டதற்கு, உன் நல்லதுக்குத்தான் என்றார். அவள் கடைக்கு நடந்துபோய்ப் புது பெல்ட் வாங்கி மாட்டினாள். அன்றோடு பேச்சு நின்றது. மேசையில் டம்ளரை வைக்கிற சத்தத்திலேயே சண்டை நடந்தது.

அடுத்த பரிசோதனையில் டாக்டர் முகம் சுளித்தார். இதயத் தசை இவ்வளவு கெட்டிருக்கிறதே, வலி வந்து எவ்வளவு நேரத்தில் வந்தீர்கள் என்று கேட்டார். அரை மணி என்றார் மெக்கானிக்.

"மூணு மணி நேரம்," என்றாள் அவள். "வாயுன்னு சொல்லிட்டு மேட்ச் பாத்துட்டிருந்தாரு."

டாக்டர் அவரை நிமிர்ந்து பார்க்காமல் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் அவர் சீறினார். "வெளியாள் முன்னாடி என் மானத்த வாங்கிட்டேல்ல?"

"உங்களுக்கு மானம்தான் போச்சு. எனக்கு உசுரே போகப் பாத்துச்சு."

அவர் ஒரு கால் செருப்போடு அப்படியே நின்றார். குரல் இறங்கியது. "வாயுவா இருக்கணும்னுதான் நெனச்சேன். நெஞ்சுவலியோன்னு தோணினப்ப பயமா இருந்துச்சு. அதான் எந்திரிக்கல."

"அப்ப உங்களுக்குத் தோணியிருக்கு."

அவர் குனிந்து மற்றச் செருப்பைக் கழற்றினார். விவரம் தெரியாத மனுஷன் என்றுதான் இத்தனை நாள் அவள் எண்ணியிருந்தாள். இப்போது அந்த ஆறுதலும் போயிற்று.

"இத நம்ம பொண்ணுகிட்ட நீங்களே சொல்லுங்க," என்றாள்.

வெளியூரிலிருந்த மகளுக்கு அன்று சாயங்காலமே ஃபோன் செய்து சொன்னார். மறுமுனையில் ஃபோன் வைக்கப்பட்டது.

தனியாக நடக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அதனால் தினமும் காலையில் இருவரும் போகிறார்கள். அவள் முன்னால், அவர் பத்தடி பின்னால். அவள் மூச்சு வாங்க நின்றால் அவரும் நிற்பார். பக்கத்தில் வரமாட்டார், அவளும் கூப்பிடமாட்டாள்.

பொண்ணு பேசினாளா என்று ஒருநாள் கேட்டார். பேசினாள் என்றாள். தன்னை விசாரித்தாளா என்று அவர் கேட்கவில்லை. அவளாகச் சொல்லவும் இல்லை.