மாமாவுக்கு வாங்கிய வேட்டி

தேடித் தருகிறோம் என்று வாங்கிக்கொண்டு போன படத்துக்கு நீங்கள் மாலை போட்டீர்கள். தமிழ்ச் சங்கத் தலைவரே, உங்களைத்தான் சொல்கிறேன்.

போர் முடிந்த வைகாசியில் என் மனைவியின் தம்பி வன்னியில் இருந்தான். கடைசியாகத் தொலைபேசியில் கதைத்தபோது பதுங்குகுழிக்குள் தண்ணீர் நிற்கிறது என்றான். பிறகு ஒரு செய்தியும் இல்லை. முகாம்களில் தேடுவதற்கு ஆள் இருக்கிறது, படம் தாருங்கள் என்று நீங்கள் டென்மார்க்கில், ஓல்போர்க்கில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். இருந்த ஒரே படத்தை அவள் தந்தாள். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அவன் சிரிக்கும் படம்.

சொந்தக்காரர்கள் செத்தவர்களுக்குச் செய்யும் அந்தியேட்டியைச் செய்யச் சொன்னார்கள். நானும் சடங்குக்கென்று ஒரு வெள்ளை வேட்டி வாங்கி வந்தேன். அவள் அதைத் தொடவில்லை.

"எந்தத் திதியிலை செய்யப்போறியள்? செத்த நாளைச் சொல்லுங்கோ, செய்வம்."

இது ஆருக்கு என்று மகள் கேட்டபோது, "மாமாவுக்கு வாங்கினது" என்று மட்டும் சொல்லி மனைவி வேட்டியை அலுமாரிக்குள் வைத்துச் சாத்தினாள்.

ஐப்பசியில் மகளின் பள்ளியில் ஹாலோவீன் விருந்து வந்தது. பெற்றோரும் வேஷம் போட வேண்டும். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளுக்குப் பேயாக வேண்டும். பேய்க்கு வெள்ளைத் துணி வேண்டும். நான் கடைக்குப் போகச் சப்பாத்துப் போட்டேன். மனைவி வேட்டியை மேசையில் விரித்துக் கத்தரிக்கோலை எடுத்தாள்.

"என்னப்பா செய்யிறீர்?"

"அவனுக்குச் சடங்கு செய்ய நான் விடமாட்டன். பிள்ளைக்காவது உதவட்டும்."

கண்ணுக்கு இரண்டு ஓட்டை வெட்டினாள். ஓரம் அடித்தாள். தைக்கும்போது வாய்க்குள் ஏதோ பாடினாள். அவள் பாடி மாதக்கணக்காகியிருந்தது. நான் சப்பாத்தைக் கழற்றி வைத்தேன்.

எனக்கு மீன் ஆலையில் வேலை. அங்கே போடும் வெள்ளைக் கோட்டும் தலைமுடி வலையும் நீலச் சப்பாத்தும்தான் என் வேஷம். இதென்ன பேய் என்று மகள் டெனிஷில் கேட்டாள். "மீனுக்கு இதைவிடப் பெரிய பேய் கிடையாது" என்றாள் மனைவி.

"அப்ப உம்மடை வேஷம்?" என்றேன்.

"என்ரை கண்ணுக்குக் கீழை பாருங்கோ. மை பூச வேணுமோ?"

விருந்தில் நீங்களும் நின்றீர்கள், உங்கள் மகனுக்கும் அதே வகுப்பு. உங்கள் தலையில் சிவப்புப் பிளாஸ்டிக் கொம்பு இருந்தது. அதை மறந்திருப்பீர்கள், நான் மறக்கவில்லை. பிள்ளைகள் ஒவ்வொருவராக எழும்பி, வேஷத்துக்கு உதவியவருக்கு 'தக்' சொல்ல வேண்டும் என்றார் ஆசிரியை. டெனிஷ்காரருக்கு நன்றி சொல்லாமல் ஒரு வேலையும் முடியாது.

மகள் எழும்பி முகத்துணியைத் தூக்கினாள். "தைத்தது அம்மா. அம்மாவுக்கு தக். துணி மாமாவுடையது. மாமாவுக்கு தக். அவர் வந்ததும் திருப்பிக் கொடுப்பேன்."

மாமா எங்கே இருக்கிறார் என்று ஆசிரியை கேட்டார்.

"தெரியாது. அந்த அங்கிள் தேடுகிறார். அவருக்கும் தக்."

அவள் காட்டியது உங்களை. எல்லாரும் உங்களைப் பார்த்துக் கை தட்டினார்கள். கொம்போடு தலையைக் குனிந்து அதை வாங்கிக்கொண்டீர்கள். என் மனைவி உங்களைக் கும்பிட்டாள்.

கார்த்திகையில் சங்கம் வைத்த அஞ்சலிக் கூட்டத்துக்குப் போனோம். செத்தவர்களின் வரிசையில் அவன் படம். சைக்கிளை வெட்டி எடுத்துவிட்டு முகத்தை மட்டும் பெருப்பித்து, மாலை போட்டு, விளக்கும் வைத்திருந்தீர்கள். முதலில் கண்டவள் மகள். "மாமாவைக் கண்டுபிடிச்சிட்டினமோ?" என்று அன்றைக்கு அவள் தமிழில் கேட்டாள்.

நான் மேடைக்குப் பக்கத்தில் வந்து உங்களிடம் கேட்டேன்.

"அண்ணை, ஆர் சொன்னது அவன் செத்தவன் எண்டு?"

"தம்பி, எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. ஒரு விளக்கு வைச்சால் என்ன குறை?"

"எங்களை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே?"

"துக்க வீட்டுக்காரர் பேய்க்கூத்து ஆடப் போனியள். நீங்களோ கதைக்கிறது?"

அதை ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் நின்று சொன்னீர்கள். மண்டபம் முழுக்கக் கேட்டது. சிலர் சிரித்தார்கள். அதற்குப் பிறகு என் மனைவி தமிழர் கூடும் இடம் எதற்கும் வருவதில்லை. மகள் அந்தப் பேய்ச் சட்டையை மடித்துப் பழையபடி அலுமாரியில் வைத்திருக்கிறாள்.

அவள் உங்களுக்கு நன்றி சொன்னது எல்லார் முன்னாலும். பதிலையும் எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு காதுக்குள் சொல்ல வேண்டாம். அதே மண்டபத்தில், அதே ஒலிவாங்கியில் சொல்லுங்கள். அந்தப் படத்தை எந்த முகாமில், யாரிடம் காட்டினீர்கள்? அவன் செத்ததைக் கண்டவர் யார்? கண்டவர் இருந்தால் நாளைச் சொல்லுங்கள், நான் புது வேட்டி வாங்கிச் சடங்கைச் செய்கிறேன். இல்லையென்றால் மேடையில் ஏறி, அந்த மாலையை உங்கள் கையாலேயே கழற்றுங்கள்.