அழுமூஞ்சி லட்சுமணன்

லட்சுமணன் அழுமூஞ்சி என்பது ராயபுரத்தில் பாதிப்பேருக்குத் தெரியும். சினிமாவில் அம்மா செத்தால் போதும், தியேட்டரே திரும்பிப் பார்க்கும்படி தேம்புவான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவி ரமாபாய்க்கு மானம் போகும்.

ஹார்பரில் சரக்கு இறக்கும் வேலை அவனுக்கு. தொண்ணூற்றெட்டில் ஒருநாள் கிரேன் கொக்கி ஆடி வந்து மண்டையில் அடித்தது. தையல் போட்டார்கள், காயம் ஆறியது, வேலைக்குத் திரும்பினான். கெட்டி மண்டை, பிழைத்துக்கொண்டான் என்று தோஸ்துகள் பிரியாணி வாங்கிக் கொண்டாடினார்கள். அதற்கப்புறம் சினிமாவில் அவன் அழவில்லை. ரமாபாய்க்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.

அடுத்த வருஷம் அவளுடைய அப்பா பீம்ராவ் புளியந்தோப்பில் காலமானார். மருமகனைப் பெற்ற பிள்ளையாக வைத்திருந்த மனுஷன். வாசலில் மோளம் அதிர்கிறது, தெருவே அழுகிறது, எல்லார் கண்ணும் மருமகன் மேல். அவனோ மரம் மாதிரி நின்று, "வெயில் ஏறிக்கினே கீது, எப்ப எடுப்பீங்க?" என்றான்.

"கல்லு மன்சுக்காரா! உனுக்கும் எனுக்கும் இனி ஒண்ணும் கெடையாது" என்று கத்தினாள் ரமாபாய். எவளோ ஒருத்தி அவனை மாற்றிவிட்டாள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அவளும் நம்பினாள். காரியம் முடிந்தும் புருஷன் வீட்டுக்குப் போகவில்லை. பாவி மனுஷி, அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம்.

வருஷங்கள் ஓடின. ஒருநாள் அவன் வேலையிடத்தில் வலிப்பு வந்து விழுந்தான். தோஸ்து ஒருவன் வந்து சொல்ல, ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். டாக்டரம்மா ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "பழைய அடிம்மா. மூளையில இந்த எடம் சேதமாயிருக்கு. நெஞ்சு படபடக்கும், தொண்டை அடைக்கும். ஆனா அது துக்கமா, பயமான்னு இவருக்குப் பிரிச்சுத் தெரியாது. தெரியாததை எப்படி வாயால சொல்லுவாரு?"

ரமாபாய் கட்டிலோரம் உட்கார்ந்தாள். "நான் உன்ன வுட்டுட்டுப் பூட்டப்பறம் உனுக்கு எப்டி இருந்துச்சு?"

அவன் நிஜமாகவே யோசித்தான். "இன்னான்னு தெர்ல ரமா. சோறு எறங்கல. நெஞ்சு அட்ச்சிக்கினே இருந்துச்சு. வேலை முடிஞ்சா பஸ் புட்ச்சி உங்கப்பா வூட்டுத் தெருமுனைக்கு வருவேன். எதுக்கு வந்தேன்னு தெரியாது. கொஞ்ச நேரம் நின்னுட்டுத் திரும்பிப் பூடுவேன்."

"எத்தினி தபா வந்தே?"

"தெனிக்கும்தான்."

அவளுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். அவன் பதறிப்போய் எழுந்து உட்கார்ந்தான்.

"எங்க ரமா வலிக்குது? நர்ஸக் கூப்டட்டா?"