கான்சாபுரத்தானின் பெயர்

எங்கள் தெருவில் மைக் பிடிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில் ஆபீசில் வேலை. ஆனால் கோயில் பொங்கல், பள்ளி ஆண்டு விழா, சுதந்திர தினம் எது வந்தாலும் தொகுத்து வழங்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் எதிர்வீட்டு மாமாவுக்கு நடந்த பாராட்டு விழாக்கள் எல்லாவற்றையும் மேடையில் நின்றே பார்த்தவள் நான். பார்த்துப் பார்த்து வெறுத்தவளும் நான்தான்.

மாமா பட்டாளத்துக்காரர். வங்காளத்துப் பக்கம் நடந்த சண்டையில் இருந்தவர். எண்பதைத் தொடப்போகிற மனிதரை ஒவ்வொரு சுதந்திர தினத்துக்கும் அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைப்பார்கள். பிறகு பொன்னாடை. சிறப்பு விருந்தினர் ஒன்று போடுவார், வியாபாரிகள் சார்பில் ஒன்று, காலையில் நடக்கப் போகிறவர்கள் சார்பில்கூட ஒன்று. போர்த்துகிறவர் கேமராவைப் பார்ப்பாரே தவிர மாமாவைப் பார்க்க மாட்டார். ஏற்புரை எப்போதும் கடைசியில்தான். அதற்குள் விருந்தினர் ஸ்ரீவில்லிபுத்தூரில் அடுத்த விழாவுக்குக் காரேறிவிடுவார். அவர் பின்னாலேயே கூட்டமும் எழுந்துவிடும். மைக்செட்காரர் வயரைச் சுருட்ட ஆரம்பித்துவிடுவார்.

மாமாவுக்கு அந்த ஏற்புரை மட்டும்தான் வேண்டும்.

"துணியை வச்சு நான் என்ன செய்ய, தாயி? கான்சாபுரத்தான் பேரை ஒருதரம் மைக்குல சொல்லணும். அம்புட்டுத்தான்."

கான்சாபுரத்தான் அவரோடு பட்டாளத்தில் சேர்ந்தவர். மாமாவின் பக்கத்தில் நின்றபோதே குண்டடிபட்டு இறந்தார். உடல் ஊருக்கு வரவில்லை. அவருக்கென்று ஒரு கல்கூட எங்கும் இல்லை. இருவரும் ஊர்ப்பெயரைச் சொல்லியே கூப்பிட்டுக்கொள்வார்களாம், நம் பக்கத்து ஆட்களுக்கு அதுதானே வழக்கம். எங்களிடம் பேசும்போதும் மாமா கான்சாபுரத்தான் என்றுதான் சொல்வார்.

"அவிய சொந்தப் பேரு என்ன மாமா? நான் வேணா மைக்குல சொல்லிருதேன்" என்று ஒருமுறை கேட்டேன்.

"நீ சொன்னா, அடுத்தது டான்ஸுன்னு சொல்லுத மாதிரி கேட்டுட்டுப் போயிருவாக. நான்தான் சொல்லணும்."

இந்த வருடம் பிடிவாதமாக நின்றேன். ஏற்புரை முதலில், பொன்னாடை பிறகு. இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

"போத்தாமலே ஏற்புரையா? என்னம்மா, தாலி கட்டுமுன்ன மொய் எழுதுத கதையால்ல இருக்கு" என்று விழாத் தலைவர் முகத்தைச் சுளித்தார். ஆனாலும் ஒத்துக்கொண்டார்.

மாமா எழுந்தார். மைக்கை அவர் உயரத்துக்கு இறக்கிக் கொடுத்தேன். கூட்டம் அமைதியாக இருந்தது. விருந்தினர்கூட போனைப் பையில் போட்டுவிட்டார்.

"எங்கூட ஒருத்தன் இருந்தான். கான்சாபுரத்தான். அவன் பேரு..."

நின்றார். "அவன் பேரு" என்று மறுபடியும் சொன்னார். மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குத் தெரிந்தால்தானே சொல்வேன்? இத்தனை வருடம் மேடைக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்த பெயர். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

துக்கத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்துவிட்டார்கள். யாரோ ஒருவர் கைதட்ட, கூட்டம் மொத்தமும் தட்டியது. "இருங்க, இருங்க, சொல்லுதேன்" என்று அவர் கெஞ்சியது அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் கேட்டது. விருந்தினர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து பொன்னாடையைப் போர்த்தினார். நல்ல மனதோடுதான் போர்த்தினார். எனக்கோ அவரைப் பிடித்துத் தள்ளிவிடலாம் போல் ஆத்திரமாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கான்சாபுரம் போய் விசாரித்தேன்.

"பட்டாளத்துக்குப் போயி செத்தவரா? எந்தத் தெருக்காரரு? யாரு மகன்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். எனக்கு அதுவும் தெரியாது.

சாயங்காலம் மாமா வீட்டுக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். விழா நாளிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை என்று மருமகள் சொன்னாள்.

"விடுங்க மாமா. பட்டாளத்து ரெக்கார்டுல பேரு இருக்கும்லா. எழுதிக் கேட்டு வாங்கிருவோம்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார்.

"அங்க இருக்கும்" என்றார். "எங்கிட்ட இல்லையே, தாயி."